வேலை அனுமதி அட்டை வரும்வரை சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது சட்டப்படி சரியா?

கேள்வி
எழுதியவர்: மல்லிகைப்பந்தல் (ஹூஸ்டன்)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் எச்-1பி என்ற வேலை விசாவிலும், அவரைச் சார்ந்து நான் எச்-4 விசாவிலும் டெக்சாஸில் இருக்கிறோம். கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் கொடுத்த ஐ-140 விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டதால் எனக்கும் வேலை அனுமதி அட்டை கேட்க வழி பிறந்தது. அதற்கான ஐ-765 படிவத்தை அனுப்பி, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் வந்துவிட்டது. அட்டைதான் இன்னும் வந்தபாடில்லை.

மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். இங்கே வந்தபின் கைப்பழக்கம் விட்டுப்போகிறது என்பதும், ரெஸ்யூமில் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது என்பதும் எனக்குப் பெரிய கவலையாக இருக்கின்றன. ஆகவே அட்டை வரும்வரை சம்பளம் வாங்காமல் எங்காவது வேலை செய்யலாம் என்று விசாரித்ததில் மூன்று வாய்ப்புகள் கிடைத்தன.

கணவரின் நண்பர் ஒருவர் இங்கே சிறியதாக ஒரு வரிக்கணக்கு அலுவலகம் நடத்துகிறார். "இப்போதே வந்து உட்காருங்கள், குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளைப் பழகிக்கொள்ளலாம்; அட்டை வந்ததும் வேலையில் சேர்த்துக்கொள்கிறேன், இடைப்பட்ட மாதங்களுக்கும் அப்போது ஏதாவது பார்த்துச் செய்துவிடுகிறேன்" என்கிறார். இரண்டாவது, ஹூஸ்டன் உணவு வங்கியில் பொருள்களைத் தரம் பிரித்து அடுக்கும் பணி. மூன்றாவது, எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியில் வார இறுதியில் வகுப்பு எடுப்பதோடு பள்ளியின் வரவு செலவையும் பார்த்துக்கொள்வது. அங்கே ஆசிரியர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்கிறார்கள், என் மகன் அங்கேதான் படிக்கிறான்.

மூன்றிலும் ஒரு காசுகூடக் கைக்கு வரப்போவதில்லை என்பதால் மூன்றும் சட்டப்படி சரிதான் என்று நினைக்கிறேன். என் கணவருக்கோ முதலாவதைக் குறித்து மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்
எழுதியவர்: வைகைக்கரை (டல்லாஸ்)

சகோதரிக்கு வணக்கம். நான் வழக்கறிஞர் அல்லன். என் மனைவி இதே நிலையில் இருந்தபோது எங்கள் வழக்கறிஞரிடம் கேட்டவற்றையும், பிறகு விதிகளை நானே படித்து அறிந்தவற்றையும் எழுதுகிறேன். உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. மூன்று வாய்ப்புகளில் உங்களுக்கு மிகவும் பயன்படும் என்று தோன்றுகிற அந்த அலுவலகம்தான் மிகவும் ஆபத்தானது.

இந்த விஷயத்தை இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்ப்பவர்கள் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைப்பது குற்றம் என்று சொன்ன 1986-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ஊழியர் என்பவர் கூலிக்காகவோ வேறு ஏதேனும் பிரதிபலனுக்காகவோ ஒரு முதலாளிக்குத் தம் உழைப்பைத் தருபவர் என்று வரையறுக்கின்றன. எந்தப் பிரதிபலனும் இல்லாமல் தொண்டு செய்பவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவமும் அவரிடம் கேட்கப்படுவதில்லை. இத்துடன் நிறுத்திக்கொண்டால், நண்பரின் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் உட்காருவதும் சரி என்றே தோன்றும்.

ஆனால் 1938-இல் இயற்றப்பட்ட நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் குறுக்கே நிற்கிறது. குறைந்தபட்ச ஊதியம், மிகைநேர ஊதியம் ஆகியவற்றை வகுத்த சட்டம் அது. அதன்படி லாப நோக்கில் நடக்கும் தனியார் நிறுவனத்துக்கு யாரும் இலவசமாக உழைக்க முடியாது. உழைப்பவரே மனமுவந்து "எனக்குச் சம்பளம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. தன்னார்வத் தொண்டுக்கு அந்தச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு அரசு அமைப்புகளுக்கும், அறம், சமயம், மனிதநேயம் போன்ற நோக்கங்களுக்காக இயங்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் மட்டுமே. எனவே நண்பரின் அலுவலகத்தில் நீங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கைப் பதிவுசெய்யத் தொடங்கினால், அந்த நேரத்துக்கு அவர் உங்களுக்குக் கூலி தரக் கடமைப்பட்டவர் ஆகிறார். கூலிக்கு உரிய உழைப்பு என்று ஆகிவிட்டபின், அனுமதி இல்லாமல் செய்த வேலை என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

"இடைப்பட்ட மாதங்களுக்கும் பார்த்துச் செய்கிறேன்" என்று அவர் சொன்னது நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் நிலையை இன்னும் மோசமாக்குவது அதுதான். சம்பளம் எப்போது கைக்கு வருகிறது என்பதைவிட, அது எந்த நாள்களின் உழைப்புக்காக வருகிறது என்பதே பார்க்கப்படும். அட்டை வந்தபின் பழைய மாதங்களுக்காக ஆயிரம் டாலர் கொடுத்தால், அந்த மாதங்களில் நீங்கள் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அவரே சாட்சி எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 1947-இல் போர்ட்லாண்ட் டெர்மினல் என்ற ரயில்வே நிறுவனத்தின் வழக்கில், ரயில் வேலைக்குப் பழகிய சில நாள் பயிற்சியாளர்கள் ஊழியர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. சம்பளமில்லாப் பயிற்சியாளர்களுக்கு, அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுபவர் யார் என்று பார்க்கும் ஏழு அளவுகோல்களைத் தொழிலாளர் துறை 2018 ஜனவரியில் ஏற்றுக்கொண்டதும் உண்மை. அந்த அளவுகோல்கள் கல்லூரிப் படிப்போடு இணைந்த பயிற்சியை மனத்தில் வைத்து எழுந்தவை. பல ஆண்டு அனுபவம் உள்ள கணக்காளர் ஒருவர் ஜனவரி தொடங்கி ஏப்ரல் 15 வரை நெருக்கடியில் இருக்கும் வரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், பயன் பெறுபவர் யார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உணவு வங்கிக்குத் தாராளமாகச் செல்லுங்கள். அங்கே தொண்டு செய்பவர்கள் வீட்டுக்குக் கொஞ்சம் மளிகைப் பொருள் பெற்றுச் சென்றால்கூட ஊழியர்கள் ஆகிவிடமாட்டார்கள் என்று 1998-இல் தொழிலாளர் தரச் சட்டத்திலேயே தனியாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சலுகை தொழிலாளர் சட்டத்தில் உள்ளது. குடியேற்ற விதிகளில் பிரதிபலன் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. ஆகவே அட்டை வரும்வரை அந்தப் பையையும் வாங்காமல் வருவது உங்களுக்கு நல்லது.

பதில்
எழுதியவர்: பாலைக்குயில் (பீனிக்ஸ்)

மேலே எழுதியவர் தேவைக்கு அதிகமாகவே பயமுறுத்துகிறார் என்பது என் பணிவான கருத்து. எனக்குத் தெரிந்து எத்தனையோ குடும்பங்களில் மனைவிமார் நண்பர்களின் கடையிலும் அலுவலகத்திலும் இப்படி உதவி செய்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு கடிதமும் வந்ததில்லை. பணம் வங்கிக்கு வராதவரை எந்தத் தடமும் இருக்காது. அனுபவம் இல்லாமல் அட்டை மட்டும் வந்து என்ன பயன்? நிபந்தனை ஏதுமில்லாமல், ஓரிரு மாதங்கள் மட்டும் அவருடைய அலுவலகத்துக்குச் சென்று பழகிக்கொள்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதில்
எழுதியவர்: தாமிரபரணி (நியூ ஜெர்சி)

பாலைக்குயில் அவர்கள் சொல்வதுபோல் இதுவரை யாருக்கும் கடிதம் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை யாரும் வீட்டுக் கதவைத் தட்டி வந்து கேட்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து, கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தை நிரப்பும்போது, அமெரிக்காவில் அனுமதியின்றி எப்போதேனும் வேலை செய்ததுண்டா என்ற வரி வருகிறது. அதற்கு நீங்களே கையெழுத்திட்டுப் பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் ஒரு சிக்கல். மறைத்தால் அதைவிடப் பெரிய சிக்கல், ஏனெனில் பொய்ச் சொல்லால் பெற்ற குடியேற்றப் பயன் என்பது தனிக் குற்றச்சாட்டு, அதற்குக் காலக்கெடு கிடையாது.

அனுமதியில்லாத வேலை, விசா நிலையைக் காக்கத் தவறியதாகவே கருதப்படும் என்று விதியில் நேரடியாக எழுதியிருக்கிறது. வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டு கேட்பவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும், கடைசியாகச் சட்டப்படி நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து மொத்தம் 180 நாள்களுக்கு மேற்படாத பிசகை மன்னிக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அதை நம்பி யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. விழுந்தபின் பிடித்துக்கொள்ளத்தான் அது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஐ-140 ஏற்கப்பட்டபின்னும் வரிசை எத்தனை நீளம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அத்தனை ஆண்டுகளில் ஊருக்குப் போய் வருவோம், சென்னைத் தூதரகத்தில் மறுபடி முத்திரை வாங்குவோம், விசா நீட்டிப்பு கேட்போம். ஒவ்வொரு முறையும் கோப்பு திறக்கப்படும்.

தடம் இருக்காது என்பதும் சரியன்று. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விசா கேட்பவர்களும் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. அனுபவத்துக்காக அந்த அலுவலகத்தில் உட்காரும் ஒருவர் அதை லிங்க்ட்இனில் எழுதத்தான் போகிறார். எழுதாவிட்டால் அந்த அனுபவத்தால் வேலை தேடலில் பயனில்லை. அட்டையில் இருக்கும் தொடக்கத் தேதிக்கு முன்பே ஒரு வரி அலுவலகத்தில் கணக்காளர் என்று போட்டுக்கொள்வது, நம் பெயரில் நாமே மொட்டைக் கடிதம் போடுவதற்குச் சமம்.

நான் இங்கே ஒரு லாப நோக்கற்ற அமைப்பில் தன்னார்வலர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். எச்-4 விசாவில் இருக்கும் நம் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களிடம் நான் வலியுறுத்துவது, பணி தொடங்கும் முன்பே ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். இது ஊதியமில்லாத தன்னார்வப் பணி, வேறு எந்தப் பிரதிபலனும் வாக்களிக்கப்படவில்லை, பின்னாளில் வேலை தருவதாக எந்த உறுதியும் இல்லை, இந்தப் பணி இங்கே வழக்கமாகத் தன்னார்வலர்களாலேயே செய்யப்படுகிறது என்ற நான்கு செய்திகளும் அமைப்பின் தலைத்தாளில் இருந்தால் போதும். கடைசிச் செய்தியை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். லாப நோக்கற்ற அமைப்பாகவே இருந்தாலும், சம்பளத்துக்கு இருந்த கணக்காளர் விலகியதும் அந்த நாற்காலியில் ஒரு தன்னார்வலரை வாரத்துக்கு 40 மணி நேரம் உட்காரவைப்பது தொண்டு ஆகாது. சம்பளம் பெறும் ஊழியருடைய இடத்தைத் தன்னார்வலர் பறிக்கக் கூடாது என்பது தொழிலாளர் துறையின் நிலைப்பாடு.

தன்னார்வலர்களுக்கான பின்னணிச் சோதனைப் படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு அடையாள எண்ணைக் கேட்பார்கள். எச்-4 விசாவில் இருப்பவருக்கு அட்டை வரும்வரை அந்த எண் கிடையாது. அந்தக் கட்டத்தில் கண்டதையும் எழுதாமல், பொறுப்பாளரிடம் நேரில் சொன்னால், கடவுச்சீட்டை வைத்துச் சோதனை செய்யும் வழி பல அமைப்புகளில் இருக்கிறது. அமெரிகார்ப்ஸ் போன்ற அரசுத் திட்டங்களை மட்டும் விட்டுவிடுங்கள்; தொண்டு என்ற பெயரில் இருந்தாலும் அங்கே வாழ்க்கைப் படி தருகிறார்கள், குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும்தான் சேர முடியும்.

உங்கள் துறைக்கே பொருத்தமான ஒன்று இருக்க, நண்பரின் அலுவலகத்தை ஏன் நினைக்க வேண்டும்? விட்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலவச வரித்தாக்கல் உதவித் திட்டத்தை வருமான வரித் துறையே 1969-இல் இருந்து தன்னார்வலர்களை வைத்து நடத்திவருகிறது. நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் மடிக்கணினியோடு உட்கார்ந்து, குறைந்த வருமானக்காரர்கள் கொண்டுவரும், ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவங்களை வாங்கிப் பார்த்து வரிப் படிவம் நிரப்பித் தருவார்கள். அதற்கு முன் வருமான வரித் துறையின் பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். நடத்தை நெறிமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் தயாரித்ததை இன்னொருவர் சரிபார்க்காமல் எதுவும் அனுப்பப்படாது. குடிமகனாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, சட்டப்படி நாட்டில் வசிப்பவராக இருந்தால் போதும். அமெரிக்க வரிமுறையை இவ்வளவு நன்றாகக் கற்றுத் தரும் இடம் வேறில்லை. ரெஸ்யூமிலும் தலைநிமிர்ந்து எழுதலாம். ஜனவரியில் இடம் நிரம்பிவிடும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்யப் பாருங்கள்.

தமிழ்ப் பள்ளியைப் பொறுத்தவரை வகுப்பு எடுப்பதும் பொருளாளராக இருப்பதும் தவறில்லை. இந்த நாட்டின் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை பெற்றோர்களின் தொண்டால்தான் நடக்கின்றன. அந்தக் கட்டணச் சலுகையைத்தான் யோசிக்க வேண்டும். நீங்கள் கற்பிப்பதற்கு ஈடாகப் பையனின் சில நூறு டாலர் கட்டணம் தள்ளுபடி ஆகிறது என்றால், அதைப் பிரதிபலன் என்று ஒருவர் வாதிட இடமிருக்கிறது. அட்டை வரும்வரை கட்டணத்தை முழுதாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
எழுதியவர்: மல்லிகைப்பந்தல் (ஹூஸ்டன்)

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நண்பரிடம் அட்டை வந்தபின் வருவதாகச் சொல்லிவிட்டோம். அவரும் தம் வழக்கறிஞரிடம் கேட்டதாகவும், நல்ல வேளை என்றும் சொன்னார். விட்டா திட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

உணவு வங்கிக்குச் சனிக்கிழமைதோறும் போகத் தொடங்கியிருக்கிறேன். தகர டப்பாக்கள் மலைபோல் வந்து குவிகின்றன. பக்கவாட்டில் சற்று நசுங்கியது போகலாம், விளிம்புத் தையலில் நசுங்கியதோ உப்பியதோ தூக்கி எறியப்பட வேண்டும் என்று முதல் பாடம் எடுத்தார்கள். கணக்குச் சரிபார்ப்பவளுக்கு ஏற்ற வேலைதான்.

இன்னும் மூன்று சிறு ஐயங்கள். கோயிலில் வார இறுதி கேன்டீனில் உதவிக்கு ஆள் கேட்கிறார்கள். தோசைக்கும் பொங்கலுக்கும் சீட்டு விற்பது, பரிமாறுவது. அது தொண்டுதானே? உணவு வங்கிக்குக் காரில் போய் வரும் பெட்ரோல் செலவைத் தருவதாக ஓர் அமைப்பு சொன்னால் வாங்கலாமா? கோயம்புத்தூரில் என் பெரியப்பா மகன் நடத்தும் நிறுவனத்துக்கு இங்கிருந்தபடியே ஜிஎஸ்டி தாக்கல் செய்துதரச் சொல்கிறார். சம்பளம் அங்கே என் இந்திய வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொல்கிறார். இதில் அமெரிக்காவுக்கு என்ன வந்தது?

பதில்
எழுதியவர்: வைகைக்கரை (டல்லாஸ்)

பெட்ரோல் செலவு எளிது. நீங்கள் செலவழித்ததைத் திருப்பித் தருவது ஊதியம் ஆகாது. செலவைவிட மிகுதியாகத் தந்தாலோ, செலவு இருக்கிறதோ இல்லையோ மாதம் இவ்வளவு என்று தந்தாலோ அது வேறு கதை. அறப்பணிக்காகக் கார் ஓட்டியவர் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள ஒரு மைலுக்கு 14 சென்ட் என்று சட்டமே வகுத்திருக்கிறது. அமைப்பும் அந்த அளவில், மைல் கணக்கு எழுதி வாங்கிக்கொண்டு தருவது உறுத்தாது. தொண்டு முடிந்ததும் கையில் திணிக்கும் பரிசு அட்டைகளை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள், ஏனெனில் அவை பணத்துக்கு நிகராகவே கருதப்படுகின்றன.

கேன்டீன் நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது. லாப நோக்கற்ற அமைப்பு நடத்தினாலும், பரிசுப் பொருள் கடைபோல வணிகமாக நடக்கும் பகுதியில் பொதுவாகத் தன்னார்வலர்கள் பணிபுரியக் கூடாது என்று தொழிலாளர் துறை சொல்கிறது. விலை வைத்து விற்கும் கேன்டீனில் சம்பள ஆள்களும் இருந்தால், அவர்களோடு சேர்ந்து சீட்டு விற்பதை நான் தவிர்ப்பேன். அன்னதானத்தில் பரிமாறுவதற்கும், திருவிழா நாளில் வாகனங்களை ஒழுங்குபடுத்துவதற்கும், நூலகத்தை அடுக்குவதற்கும் எந்தத் தடையும் இல்லை. பரிமாறியபின் எல்லாரோடும் பந்தியில் அமர்ந்து நீங்களும் சாப்பிடுவதைக் கூலி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கோயம்புத்தூர் வேலையில் வழக்கறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க நிறுவனம் இல்லை, அமெரிக்கப் பணம் இல்லை, அமெரிக்கர் யாருடைய வேலையும் போகவில்லை என்பது ஒரு தரப்பு வாதம். உழைப்பவர் அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து ஊதியத்துக்காக உழைக்கிறார், பணம் எந்த ஊர் வங்கியில் விழுந்தால் என்ன என்பது மறுதரப்பு. எச்சரிக்கையான வழக்கறிஞர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். எங்கள் வழக்கறிஞரும் அதையே சொன்னார். தவிர, இங்கே இருந்து உழைத்து ஈட்டிய பணம் அமெரிக்க வருமானமாகவே வரிக் கணக்கில் வரும் என்பது கணக்காளரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணவரோடு சேர்ந்து தாக்கல் செய்யும்போது அதைக் காட்டினால் வேலை செய்ததற்கு நீங்களே சான்று, காட்டாவிட்டால் வரி ஏய்ப்பு. உங்கள் பெரியப்பா மகனைச் சில மாதங்கள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். முதல் அட்டை வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. முன்பெல்லாம் உரிய நேரத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அட்டை 540 நாள்கள் வரை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் அளிக்கப்படும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய அட்டை காலாவதியாகிப் புதியது வராத இடைவெளியில், "வேலை நின்றுவிடக் கூடாது, சம்பளமில்லாமல் தொடருங்கள்" என்று நிறுவனங்கள் நயமாகக் கேட்பது இப்போது அதிகமாகிவருகிறது. அதே நாற்காலி, அதே வேலை, சம்பளம் மட்டும் இல்லை என்றால் அது தொண்டும் அன்று, சட்டப்படியானதும் அன்று. முறைப்படி ஊதியமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அலுவலக மின்னஞ்சலைக்கூடத் திறக்காமல் இருப்பதுதான் வழி. விண்ணப்பத்தைக் காலாவதிக்கு 180 நாள்கள் முன்பே கொடுக்கலாம் என்பதால் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி
எழுதியவர்: பனங்கூடல் (நியூ யார்க்)

அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எனது நிலைமை வேறு என்றாலும் கேள்வி ஒன்றுதான் என்பதால் இங்கேயே கேட்கிறேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தஞ்சக் கோரிக்கை கொடுத்துவிட்டு வேலை அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். உறவினர் ஒருவருடைய வீட்டில் எத்தனை காலத்துக்குத்தான் பாரமாக இருப்பது? தெரிந்த ஒருவர் பெற்றோல் நிலையமும் அதனோடு சேர்ந்த கடையும் வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஓர் அறையும் மூன்று நேரச் சாப்பாடும் தருவதாகவும், சம்பளம் கிடையாது என்றபடியால் அது வெறும் உதவிதான், ஒரு பிரச்சினையும் வராது என்றும் அவர் கதைக்கிறார். அனுமதி வரும்வரை நான் அங்கே தொண்டராக நிற்கலாமா?

பதில்
எழுதியவர்: தாமிரபரணி (நியூ ஜெர்சி)

தம்பி, வேண்டாம். உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய நேர்ப்பதிலாகவே ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் டோனி, சூசன் அலமோ பெயரில் இயங்கிய ஒரு சமய அறக்கட்டளை பெட்ரோல் நிலையம், துணிக்கடை, மளிகைக்கடை, பன்றிப் பண்ணை என்று பலவற்றை நடத்தியது. அங்கே உழைத்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. உணவும் உடையும் தங்குமிடமும் மட்டுமே. தாங்கள் தன்னார்வலர்களே என்று அவர்களே நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஆனாலும் 1985-இல் உச்ச நீதிமன்றம், அந்த உணவும் தங்குமிடமும் வேறு உருவில் வந்த கூலியே, அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. அறக்கட்டளைக்கே அப்படி என்றால், முழுக்க லாபத்துக்காக நடக்கும் ஒரு கடைக்கு எந்த வாதமும் எடுபடாது.

உங்களுக்கு அந்த ஆளைக் குறித்தும் சொல்ல வேண்டும். அறையும் சாப்பாடும் அவர் கையில், சாவியும் அவர் கையில் என்றால், பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சொன்னாலும் உங்களால் மறுக்க முடியாது. ஏற்கெனவே அப்படி எங்கேனும் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தைத் தொழிலாளர் துறை விசா நிலை பாராமல் எல்லாருக்கும் செயல்படுத்துகிறது, உழைத்த மணிகளுக்குக் கூலி கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்பதை அறிந்துகொள்ளட்டும்.

தஞ்சம் கோருபவருக்கு விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்து 180 நாள்கள் ஆகும் முன் வேலை அனுமதி தரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த நாள் கணக்கு ஒரு கடிகாரம்போல ஓடுகிறது. நீங்களாக நேர்காணலையோ விசாரணையையோ தள்ளிவைக்கக் கேட்டால் அது நின்றுவிடும். ஆகவே எந்தத் தவணையையும் சட்டத்தரணியிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். முகவரி மாறினால் உடனே அறிவியுங்கள். முதல் வேலை அனுமதி விண்ணப்பத்துக்கு 2025-இல் வந்த சட்டம், அந்த ஆண்டில் 550 டாலராக இருந்த ஒரு கட்டணத்தை விதித்துவிட்டது, தள்ளுபடி கேட்கவும் இயலாது. அந்தப் பணத்துக்கு உறவினரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இடையில் உணவு வங்கி, கோயில் அன்னதானம், பொது நூலகத்தின் ஆங்கில வகுப்புகள் ஆகியவற்றுக்குப் போங்கள். முதலிரண்டும் உண்மையான தொண்டு, மூன்றாவது உங்களுக்கே பயன். குடியேற்ற நீதிமன்றத்தில் உங்கள் வழக்கு இருந்தால், கட்டணமில்லாமல் வாதாடும் சட்ட உதவி அமைப்புகளின் பட்டியலை நீதிமன்றமே தரும். அறிவிப்போடு வந்த தாள்களில் தேடிப் பாருங்கள். நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள், வழக்கறிஞர் அல்லாதவர்களாயினும், சட்டப்படி உங்களுக்காக எழுதவும் வாதாடவும் முடியும். நோட்டரி பலகை மாட்டிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். கடைக்காரரிடம், அனுமதி வந்ததும் முறையான சம்பளத்துக்கு வேலை தருவீர்களா என்று கேளுங்கள். தருவேன் என்று அவர் சொன்னால் அப்போது போகலாம்.